கால்வாய் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம்

தங்கராஜுவை ஓர் இடத்தில் நிற்க வைக்க வேண்டுமானால் ஒன்று அவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும், இல்லையென்றால் கறுப்புத் துணிக்குள் தலையை விடச் சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் காலில் சக்கரம்தான். பஃபலோ ரோட்டில் அவனுடைய படச்சட்டக் கடை மொத்தமே எட்டடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு நாளைக்கு அவன் நடக்கிற நடையை நீட்டிப் போட்டால் ஜொகூருக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்று அவன் மனைவி சந்திரமதி சொல்வாள். முருகன் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதைக்கு வருவான், மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான், உள்ளே போய் ஆணியைக் காணோமென்று தேடுவான். ஆணி அவன் வாயிலேயே இருக்கும்.

சட்டம் அடிக்கிறவனுக்கு வானத்தில் என்ன வேலை? எல்லாம் அவனே செய்த அந்தக் காமிராப் பெட்டியால் வந்த வினை. கடைகளில் விற்கிற காமிராவில் எடுத்த ஊர்ப் படங்களைச் சட்டம் போடச் சொல்லிப் பலர் கொண்டுவருவார்கள். தபால்தலை அளவு பிலிமில் எடுத்துப் பெரிதாக்கிய படங்கள். அவற்றில் வீடு வீடாக இருக்காது, கூரை கூரையாக இருக்காது, எல்லாம் குழைந்துபோய்க் கிடக்கும். படம் பெரிதாக வேண்டுமானால் பிலிமே பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தங்கராஜுவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டானா? மிஞ்சிய தேக்குத் துண்டுகளை இழைத்துப் பெட்டி செய்தான். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், எந்தப் பட்டாளத்துக்காரன் விட்டுப்போனதோ, ஒரு பித்தளை லென்ஸ் வாங்கினான். பின்பக்கத்துக் கண்ணாடியை அவனே தேய்த்து மங்கலாக்கினான். நடுவில் நீண்டு சுருங்கும் துருத்திக்குச் சந்திரமதியின் நல்ல கறுப்புக் குடை போயிற்று. குடையைக் கொடுத்தது போதாதென்று அதை வெட்டித் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவள் நனைந்துகொண்டே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள்.

அடுத்தது பிலிம். பதினைந்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் பிலிம் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் மருத்துவ சாமான் விற்கிற ஒரு கடையில், தேதி முடிந்துபோன எக்ஸ்ரே பிலிம் பெட்டி பெட்டியாகக் கிடைத்தது. நெஞ்செலும்பைப் பிடிக்கிற பிலிம் ஊரைப் பிடிக்காதா என்ன? நன்றாகவே பிடித்தது. ஆனால் அதில் ஒரு தொல்லை. மற்ற பிலிமில் ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும். எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் பூசியிருக்கும். தட்டில் போட்டுக் கழுவும்போது அடிப்பக்கம் எங்காவது உரசினால் கீறல் விழுந்துவிடும்.

கடைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் சிவப்பு விளக்குப் போட்ட இருட்டறையில் பிலிம் கழுவுகிற வேலை சந்திரமதியுடையது. கீறல் விழுந்த ஒவ்வொரு முறையும் தங்கராஜு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான்.

"அடியில பார்த்து, அடியில பார்த்துன்னு எத்தன தடவ சொல்றது? மேல மட்டுந்தான் படம்னு நெனச்சியா? கீழயும் படம் இருக்கு!"

அவள் தட்டின் அடியில் ஒரு வழவழப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கீறல் நின்றது. திட்டுதான் நிற்கவில்லை, அதற்கு வேறு காரணங்கள் கிடைத்தன.

இது இப்படியிருக்க, சிராங்கூன் சாலையில் ஆமினா பீவிக்கு நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கணவர் விட்டுப்போனது. கறாரான மனுஷி, ஆனால் தங்கராஜுவிடம் மட்டும் கொஞ்சம் இளக்கம் உண்டு. அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றால் கடைவீடுகளின் ஓட்டுக் கூரைகள், கோயில் கோபுரம், ரோச்சோர் கால்வாய், கால்வாய் ஓரத்துத் தகர வீடுகள், அதற்கும் அப்பால் மூங்கில் சாரத்தோடு நான்காவது மாடிவரை எழும்பி நின்ற புது அடுக்குமாடி வீடுகள், எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். அவ்வளவையும் ஒரே பிலிமில், ஒரு கூரையைக்கூட விடாமல் பிடித்துவிட வேண்டும் என்று தங்கராஜுவுக்கு வெறி வந்தது.

1962 பிப்ரவரி மாதம், தினமும் விடியலில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மங்கல் கண்ணாடியில் ஊர் தலைகீழாகத் தொங்கும். அதைக் கண்டதும் அவன் கால்கள் அடங்கிவிடும். லென்ஸுக்கு அவன் வைத்திருந்த துளை ஊசி நுழைகிற அளவு. அதனால் நாற்பது விநாடி திறந்து வைக்க வேண்டும். லென்ஸை மூடியிருக்கும் பால்மாவு டப்பா மூடியைக் கழற்றினால் படம் ஆரம்பம், மூடினால் முடிவு. அந்த நாற்பது விநாடியில் நடந்துபோகிற மனிதர், சைக்கிள், பஸ் எதுவும் பிலிமில் தங்காது. நின்றது நிற்கும், போனது போய்விடும். நின்ற இடத்திலேயே ஆடுகிறதே, அதுதான் சனியன். அது போகவும் போகாமல், நிற்கவும் நிற்காமல் கலங்கலாக விழும்.

அப்படி ஆடியவை ரத்தினம்மாவின் வேட்டிகள். ரத்தினம்மாவுக்குக் கால்வாய் ஓரத்தில் வீடு. வீடென்றால் புதுத் தகரம் போட்ட ஒற்றை அறை. புருஷன் செத்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடைகளின் மேசை விரிப்புகளையும் பெரிய வீடுகளின் வேட்டிகளையும் வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்துப் பிழைத்து வந்தாள். விடிவதற்குள் கொடியில் இருபது வேட்டியாவது ஆடும். பத்து நாளில் பத்துப் பிலிம் எடுத்தான். பத்திலும் அந்த மூலையில் ஒரு கலங்கல். பதினொன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கீழே இறங்கிப் போய்க் கேட்டேவிட்டான்.

"ஏம்மா, நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் இந்தக் கொடியக் கழட்டி வெச்சிக்கங்களேன். படம் எடுக்கணும்."

ரத்தினம்மா பிழிந்த வேட்டியைப் பட்டென்று உதறினாள். "யாரு படம்ணே?"

"ஊர் படம்."

"நானும் இந்த ஊர்லதானே இருக்கேன்? காலை வெயில விட்டா கஞ்சி புளிச்சிரும்."

"ஒரு மணி நேரந்தானே!"

"உங்களுக்கு ஒரு மணி நேரம். எனக்கு இருவது வேட்டி. முடியாது லா."

மறுநாள் எடுத்த பிலிம்தான் பிலிம். காற்று குறைவு, மேகத்துக்குப் பின்னால் மெல்லிய வெளிச்சம், கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மையும் மூக்கும் முழியுமாக விழுந்திருந்தது. அடுக்குமாடிச் சாரத்தின் மூங்கில்களைக்கூட எண்ணலாம். கால்வாய் ஓரத்து மூலையில் மட்டும் ரத்தினம்மாவின் கொடி. நெகட்டிவில் வெள்ளையானதெல்லாம் கறுப்பாகத் தெரியும் அல்லவா? புதுத் தகரமும் வேட்டிகளும் சேர்ந்து அங்கே கறுப்பாக ஒரு திட்டு. தங்கராஜு சவர பிளேடை எடுத்தான். அந்தத் திட்டின் மேலிருந்த மருந்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினான். ஒரு மணி நேரம் கொடியைக் கழற்ற மாட்டேன் என்றாளே, அந்தக் கோபமும் கையில் இருந்தது. "கொடியையும் கழட்டுறேன், வீட்டையும் கழட்டுறேன்" என்று முனகிக்கொண்டே சுரண்டினான்.

பிறகு அதைக் காகிதத்தில் பிரதி எடுத்தபோது அந்த மூலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ புகைச்சல் தெரிந்தது. பிளேடு விட்ட அழுக்கு என்று நினைத்துக்கொண்டான். மெல்லிய தூரிகையும் மையும் எடுத்து, புகைச்சலின் மேல் இலை இலையாகப் புள்ளி வைத்து ஒரு தூங்குமூஞ்சி மரம் வரைந்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மரம். நெகட்டிவை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கடை அலமாரியின் மேல் போட்டான். அதோடு அதை மறந்தான்.

படம் ஒரு கண்காட்சியில் இடம்பிடித்தது. "ஒரு கூரையும் விடுபடாத படம்" என்று பத்திரிகையில் நான்கு வரி வந்தது. பிறகு அதைக் கடைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியையும் தொங்கவிட்டான். சட்டம் வாங்க வருகிறவர்கள் முதலில் போய்த் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடுவார்கள். கண்டுபிடித்ததும் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். ராத்திரியானால் கண்ணாடியில் விரல் ரேகையைத் துடைப்பதே சந்திரமதிக்கு ஒரு வேலை. ஆமினா பீவி வந்து அரைமணி நேரம் தேடிவிட்டு, "எங்கட்டடத்தக் காணோமே தம்பி!" என்று சண்டைக்கு வந்தார். "நாம அது மேலதானே பீவிம்மா நிக்கிறோம்" என்றான் தங்கராஜு. அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. என் மாடியில் ஏறி நின்று எல்லார் வீட்டையும் எடுத்தாய், என் வீட்டை விட்டுவிட்டாயே என்று போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ரத்தினம்மா மட்டும் படம் பார்க்க வரவே இல்லை. அவளுக்கு ஏது நேரம்? ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில், கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரிய மகள் படித்துச் சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள். கால்வாய் ஓரத்து வீடுகளையெல்லாம் அரசாங்கம் அகற்றப் போகிறது. 1962 ஏப்ரலில் கணக்கெடுத்தபோது இருந்த வீட்டுக்காரர்களுக்கு அடுக்குமாடியில் வீடு உண்டு. அந்தக் கணக்கில் ரத்தினம்மாவின் வீடு இல்லை. அதற்குப் பிறகு புதிதாகப் போட்ட கொட்டகை என்று எழுதியிருக்கிறது. இல்லை, முன்பே இருந்தது என்றால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆதாரத்தோடு வந்து காட்ட வேண்டும்.

"அவங்க வந்த அன்னிக்கு நான் துணி குடுக்கப் போயிருந்தேன்ணே. பக்கத்து வீட்டு ஆளுங்கள்லாம் சாட்சி சொல்ல வர்றேங்குறாங்க. சாட்சி பத்தாதாம், கடுதாசி வேணுமாம். எங்கிட்ட என்ன கடுதாசி இருக்கு?" அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. நீங்க அந்த வருஷம் பிப்ரவரியில எடுத்தீங்களே! ஒரு கூரகூட விடலன்னு ஊரே சொல்லுது."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் முன் குனிந்தாள். கால்வாயைப் பிடித்துக்கொண்டு பாலத்திலிருந்து மெதுவாக நகர்ந்தாள்.

"இது செங்கேணி வீடு... இது மாட்டுக்கொட்டா... இது தண்ணிக்குழா..." நின்றாள். திரும்பப் பாலத்துக்குப் போய் மறுபடியும் வந்தாள். "குழாய்க்கு அடுத்தது நம்ம வீடு. இங்க மரமில்ல இருக்கு?"

தங்கராஜு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். அப்போதே சொல்லியிருக்கலாம்.

"நம்ம பக்கம் மரமே கெடையாதேண்ணே. மரம் இருந்தா நான் துணி காயப்போட முடியுமா?" கண்ணைக் கசக்கிவிட்டு மூன்றாம் முறை பார்த்தாள். "எங்கண்ணுதான் கெட்டுப்போச்சு போல. விடிய விடிய சவுக்காரத் தண்ணியிலயே கெடக்கேன்ல."

"நெழலு மறைச்சிருக்கும்மா," என்றான் தங்கராஜு. "மூலப் பிலிம் உள்ள எங்கியோ இருக்கு. அதுல பார்க்கிறேன்."

"பாருங்கண்ணே. உங்களத்தான் நம்பியிருக்கேன்." பூதக்கண்ணாடியைப் பழையபடி தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மூன்று நாள் தங்கராஜு பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். ஏற்கனவே நிலைகொள்ளாதவன், இப்போது கேட்கவா வேண்டும்? படத்தைச் சுவரிலிருந்து கழற்றினான். ஏன் கழற்றினாய் என்று கேட்டவர்களிடம் துடைக்க என்றான். செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடியைக் குறுக்கே வெட்டித் தொலைத்தான். புதன்கிழமை கடையைத் திறந்து போட்டுவிட்டு ஃபேரர் பார்க் வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். கால்வாய்ப் பக்கம் போகக் கூடாதென்றுதான் கிளம்புவான். கால்கள் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். எதிர்க்கரையில் வேட்டிகள் ஆடிக்கொண்டிருக்கும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவள் தலை தெரிந்ததும் திரும்பி நடப்பான்.

பிலிம் தீயில் போயிற்று என்று சொல்லிவிடலாமா? வெள்ளிக்கிழமை கழியும்வரை பினாங்குக்கு ஓடிவிடலாமா? வியாழக்கிழமை மத்தியானம் வேறொரு யோசனை வந்தது. இருந்த வீடுதானே? மரத்தின் மேல் வெள்ளை மையால் வீட்டைத் திரும்ப வரைந்துவிட்டால் என்ன? உண்மையைத்தானே வரையப் போகிறோம்? கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து மேசையில் கிடத்தி, தூரிகையை நனைத்தான். அந்த நேரம் பார்த்துச் சந்திரமதி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

தூரிகையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "என்னங்க பண்றீங்க?"

அவன் சொல்லிவிட்டான். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்து விழுந்தது. அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நீங்க முழு வீட்டை மரத்துல மறைச்சிருக்கீங்க. அந்தப் பொம்பள நேத்து எங்கிட்ட வந்து, எங்கண்ணு கெட்டுப்போச்சுக்கா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு கேட்டுச்சு. தெரியுமா?"

அவன் தூரிகையைக் காட்டினான். "அதான் திரும்ப வரைஞ்சிரலாம்னு..."

"ஆபீசுக்காரன் கண்டுபிடிச்சான்னா, இருந்த ஆதாரமும் பொய்யின்னு தூக்கிப் போட்டுருவான். அவ கதி என்ன? கொண்டாங்க அத." தூரிகையைப் பிடுங்கித் தண்ணீர்க் குவளையில் போட்டாள். "நெகட்டிவ எடுங்க."

"அதுல என்ன இருக்கு? அதான் சுரண்டியாச்சே."

"எந்தப் பக்கம் சுரண்டினீங்க?"

"எந்தப் பக்கம்னா... மேல் பக்கம்."

சந்திரமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கீழயும் படம் இருக்கு, கீழயும் படம் இருக்குன்னு என்ன எத்தன நாளு திட்டுனீங்க?"

தங்கராஜு அப்படியே நின்றான். கறுப்புத் துணி இல்லாமல் அவன் அப்படி நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு அலமாரியின் மேல் பாய்ந்தான். எண்ணெய்க் காகிதத்தைக் கிழித்துப் பிலிமை வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். பிளேடு போட்ட வரிகளுக்குப் பின்னால், மங்கலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், ஒரு கூரை. ஒரு கதவு. ஒரு கொடி. அவன் அழுக்கென்று நினைத்து மரம் வரைந்தது வீட்டின் மேல்தான்.

அன்று மத்தியானமே இருட்டறையில் புதுப் பிரதி எடுத்தார்கள். மையும் இல்லை, மரமும் இல்லை. தட்டில் ஊர் மெதுவாகக் கறுத்து வந்தது. கடைசியாக அந்த மூலையில், கீறல்களுக்கு நடுவே, ரத்தினம்மாவின் வீடு சாம்பலாக எழுந்தது. தங்கராஜு சிரித்தான். அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் இவ்வளவு கீறியிருக்குன்னு ஆபீஸ்ல கேப்பாங்களே."

"கேப்பாங்க. சொல்லுங்க."

"ஊரே சிரிக்கும் சந்திரா."

"சிரிக்கட்டும்," என்றாள் அவள், பிரதியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே. "அவ வீட்டுக்கும் நம்ம பேருக்கும் நடுவுல எது பெருசுன்னு எங்கிட்ட கேக்காதீங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, கடிதம் அனுப்பிய ஆபீஸின் மூன்றாம் மாடியில் பசுபதி என்ற அதிகாரி ரத்தினம்மாவையும் தங்கராஜுவையும் அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மேசையில் ஒரு காகிதம்கூடக் கோணலாக இல்லை. ரத்தினம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தங்கராஜு உட்காரவில்லை. மரம் இருந்த படம், வீடு இருந்த படம், நெகட்டிவ், மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தான்.

பசுபதி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இதிலை மரம் இருக்கு. இதிலை வீடு இருக்கு. ரெண்டும் ஒரே படம் எண்டு சொல்லுறியள். அப்ப எது பொய்?"

"மரம் பொய் சார். அது நான் போட்டது."

"ஏன் போட்டனீங்கள்?"

தங்கராஜு சொன்னான். வேட்டி ஆடியது, அவளிடம் கேட்டது, அவள் மறுத்தது, பிளேடு எடுத்தது, ஒரு மணி நேரம் சுரண்டியது, மை தொட்டு வரைந்தது. சொல்லச் சொல்ல ரத்தினம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

பசுபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒருக்காப் பொய் செய்த கை, இன்னொருக்காச் செய்யாதெண்டு நான் என்னெண்டு நம்புறது? மரத்தை வரைஞ்ச மாதிரி வீட்டையும் நீங்கள் வரைஞ்சிருக்கலாந்தானே?"

நியாயமான கேள்வி. தங்கராஜு ஜன்னல்வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். ரத்தினம்மாவின் கை கடிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. அவன் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"சார், முதல்ல மரத்தப் பாருங்க. ஒவ்வொரு எலையும் தெளிவா இருக்கும். தூரிகையால வெச்சது ஆடாது. இப்ப இந்தக் கொடியப் பாருங்க. நாப்பது விநாடி காத்துல ஆடுன வேட்டி. மேல கட்டுன எடத்துல தெளிவா இருக்கும், கீழ போகப் போகக் கரைஞ்சு போயிருக்கும். இருவது வேட்டி, இருவதும் இருவது விதம். இத அழிக்கணும்னுதான் நான் பிளேடு எடுத்தேன். இத வரையறதுக்கு எனக்குத் தெரியாது சார். யாருக்கும் தெரியாது."

பசுபதி குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். நெகட்டிவை ஜன்னலில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார். பின்னர் பூதக்கண்ணாடி மெல்ல மேலே நகர்ந்து மூங்கில் சாரத்தில் போய் நின்றது.

"நாலாம் மாடி," என்றார் தனக்குத்தானே. "ஏப்ரலிலை கணக்கெடுக்கப் போகேக்கை நானும் போனனான். அப்ப இந்தக் கட்டடம் ஏழு மாடி தாண்டீட்டுது. இந்தப் படம் அதுக்கு முன்னம் எடுத்ததுதான்." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் குரல் தணிந்தது. "இந்த வீடும் அண்டைக்கு அங்கை நிண்டதுதான். முன்னுக்கு முழுக்கத் துணி தொங்கினது. துணி காயப்போடுற கொட்டில் எண்டு நினைச்சுப்போட்டம்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தங்கராஜுவின் பக்கம் நகர்த்தினார். "இப்ப சொன்னதை ஒண்டும் விடாமல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. இருந்து எழுதுங்கோ."

தங்கராஜு உட்கார்ந்தான். நின்றிருந்த ஒரு வீட்டை என் கையால் படத்திலிருந்து நீக்கினேன் என்று எழுதினான். எழுதி முடித்து நிமிர்ந்தபோது ரத்தினம்மா எழுந்து வாசலுக்குப் போயிருந்தாள். பின்னால் ஓடிப்போய்ப் படிக்கட்டில் பிடித்தான்.

"ரத்தினம்மா... தப்புப் பண்ணிட்டேன்."

அவள் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "கஞ்சி ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கடைக்கு வந்ததும் தங்கராஜு மரம் இருந்த படத்தை ஒதுக்கி வைத்தான். அது இருந்த சட்டத்தில், கீறலும் வீடுமாக இருந்த புதுப் படத்தைப் போட்டு, பழைய இடத்திலேயே மாட்டினான். மறுநாளே ஆமினா பீவி வந்தார். பூதக்கண்ணாடியோடு சுற்றிக்கொண்டிருந்தவர் கால்வாய் மூலையில் நின்று, முக்காட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். எச்சில் தொட்டும் துடைத்தார்.

"இதென்ன தம்பி, அழுக்குப் போகமாட்டேங்குது?"

"அழுக்கு இல்ல பீவிம்மா. அது ரத்தினம்மா வீடு. நான் சுரண்டினது."

"யா அல்லா! ஏன்?"

அவருக்கும் சொன்னான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னான். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் வீடு ஒழுங்காக இருக்கிறதா என்று மறுபடி ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். கண்காட்சி நடத்தியவர்கள் தங்கள் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கிக் கடிதம் எழுதினார்கள். அன்று முழுவதும் கடைக்குள் நடந்து தீர்த்தான். ரத்தினம்மாவிடமிருந்து மட்டும் ஒரு சேதியும் இல்லை. மேகத்தைப் பார்க்க அஞ்சடிக்கு வருகிறவன் இப்போது தெருவைப் பார்க்க வந்தான்.

மூன்று வாரம் கழித்து, கடையில் நாலைந்து பேர் இருந்த நேரத்தில் அவள் வந்தாள். கையில் இன்னொரு கடிதம். அதைச் சந்திரமதியிடம் நீட்டினாள். பெயர் சேர்ந்துவிட்டது. அன்றைக்குச் சாரத்தோடு நின்ற அதே அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி. சந்திரமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கராஜுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரத்தினம்மா அவனைக் கடந்து படத்தின் முன்னால் போனாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். பாலத்திலிருந்து ஆரம்பித்தாள். செங்கேணி வீடு, மாட்டுக்கொட்டகை, தண்ணீர்க் குழாய். அங்கே நின்றாள். அவள் உதடு அசைந்தது. வேட்டிகளை எண்ணுகிறாள் என்று தங்கராஜுவுக்குத் தெரிந்தது.

எண்ணி முடித்துப் பூதக்கண்ணாடியை மாட்டினாள். திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"எங்கண்ணு நல்லாத்தாண்ணே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.